ரரமநரதபுரம்

பூமிநாதன் வெள்ளிக்கிழமை கப்பலேறுவதாக இருந்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கொழும்பு. மாமாவின் கடையில் கணக்கெழுதும் வேலை. கணிதத்தில் பி.ஏ. படித்தவனுக்குப் பெரிய வேலையில்லைதான். ஆனால் ராமநாதபுரத்தில் இல்லாத வேலை, அது போதும். மனைவி சண்முகவள்ளி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அழுதால் சரியாகும் என்றார்கள். அழுகை வரவில்லை. பசிகூட நேரமாயிற்று என்பதற்காகத்தான் வந்தது.

அந்த ஒரு வருடமும் ஜெய்னுலாபுதீனின் அச்சகத்தில் பிழை திருத்தினான். முன்னறையில் அச்சகம், உள்ளே வீடு, நடுவில் பூப்போட்ட திரை.

"போறதுக்கு முன்னாடி ஒரு பலகை மட்டும் எழுதிக் குடுங்க தம்பி," என்றார் ஜெய்னுலாபுதீன். "உச்சிப்புளி உக்கிரபாண்டி புது பஸ் விடுறாரு. நம்மகிட்ட கெடக்கிற ஜெர்மன் எழுத்து மாதிரியே தமிழ்ல வேணுமாம்."

அந்த எழுத்து சென்னையில் மூடிய ஓர் அச்சகத்திலிருந்து ஏலத்தில் வந்தது. ஃப்யூச்சுரா என்று பெயர். வருங்காலம் என்று பொருள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஜெர்மனியில் வெளிவந்தது. செய்தவரை நாஜிகள் பிடித்து வைத்தார்கள், அவர் வேலையும் போனது. எழுத்து மட்டும் கடல் தாண்டி சோப்பு உறையிலும் மருந்துப் பெட்டியிலும் ஏறிக்கொண்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு. வால் இல்லை, வளைவில் பூச்சு இல்லை. தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத எழுத்து. அச்சகத்தில் பூமிநாதனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

காம்பஸும் ஸ்கேலும் கொண்டு 'ராமநாதபுரம்' என்று எழுதினான். தேவையில்லாத கீறல்களையெல்லாம் வெட்டினான். 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்கும் சின்னக் காலையும் வெட்டினான். பலகை முற்றத்தில் காய்ந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஜெய்னுலாபுதீனின் மனைவி குல்சும் எழுத்துக் கூட்டும் சத்தம் கேட்டது. அரபு எழுத்தில் எழுதிய தமிழைக் கடகடவென்று வாசிப்பவள். தமிழ் எழுத்தை இப்போதுதான் பழகுகிறாள்.

"ர... ர... ம... ந... ர... இது எந்த ஊருங்க?"

"கண்ணாடியப் போடு. ராமநாதபுரம்."

"நீங்க ஊரு தெரிஞ்சு வாசிக்கிறீக. நான் எழுத்தப் பாத்து வாசிக்கிறேன். துணைக்காலும் அதே குச்சி, ரானாவும் அதே குச்சி. தம்பி, ரரமநரதபுரம்னு ஊரு இருந்தா பஸ்ஸு அங்கன போவும். இங்கன வராது."

ஜெய்னுலாபுதீன் சிரித்தார். "உக்கிரபாண்டிக்கு இதெல்லாம் தெரியாது. குடுத்துருவோம்."

"நாளைக்கு எடுத்துக்கிறட்டும் பாய்," என்றான் பூமிநாதன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதோ உறுத்தியது. ஒரு வருடமாக எதுவும் உறுத்தாதவனுக்கு அது விநோதமாக இருந்தது.

அச்சகத்தில் கிடந்த பழைய இங்கிலீஷ் அச்சுக்கலை மலரைப் புரட்டினான். அந்த ஜெர்மன்காரரின் முதல் வரைவுகள் அதில் இருந்தன. அவருடைய சின்ன 'ஆர்' ஒரு குச்சியும் ஒரு புள்ளியும் மட்டுமே. ஏறக்குறைய நம் 'ர்' போல. பிற்பாடு அவரே அதை விட்டுக்கொடுத்து, வழக்கமான வடிவத்துக்குத் திரும்பியிருந்தார். பூமிநாதன் அந்த அச்செழுத்தில் மை தடவி ஒரு தாள் அச்சடித்து, அதன்மேல் காம்பஸை வைத்துப் பார்த்தான். கோடு வட்டத்தோடு சேருமிடத்தில் வட்டம் மெலிந்திருந்தது. கருவி போட்ட கோடு இல்லை. யாரோ கண்ணால் பார்த்து, மனசு கேளாமல் திருத்திய கோடு. இத்தனை நாளும் அதை ஒன்றும் சொல்லாத எழுத்து என்று நினைத்திருந்தான்.

மறுநாள் 'ர'வுக்குக் கால் முளைத்தது. குல்சும் எங்கும் தடுக்கி நிற்காமல் வாசித்தாள். உக்கிரபாண்டி பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார்.

"எழுத்து புதுசா இருக்கு, ஊரு பழசாவே இருக்கு. இதத்தான் கேட்டேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை. பூமிநாதனின் பெட்டி வாசலருகே இருந்தது. அவன் மேசையில் குனிந்து 'ண'வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சுழி சுழியாக வரும் எழுத்து, காம்பஸுக்கு அடங்கவில்லை.

"தம்பி, ரயிலு வந்துரும்," என்றார் ஜெய்னுலாபுதீன்.

"ம்."

"கப்பல விட்டா மாமா என்ன சொல்லுவாரு?"

"இன்னும் எழுத்து நெறைய இருக்கு பாய்."

ஜெய்னுலாபுதீன் வாசல் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். தனுஷ்கோடி ரயில் கூவிக்கொண்டு போனது.

பூமிநாதன் எழுதிய தாளைத் திரையோரம் குல்சுமிடம் நீட்டினான். "வாசிங்க லாத்தா."

"ச... ண்... மு..." குல்சும் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக, "க... வ... ள்... ளி."

அந்தப் பெயரை அந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் சொல்லவில்லை.

"எங்கயாவது தடுக்குதா?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல தம்பி. 'ண்' மட்டும் கொஞ்சம் நெருக்கமா இருக்கு."

"நாளைக்குச் சரி பண்ணிடுறேன்."