ஏழ்மைக்கு ஐம்பது மதிப்பெண்

ஏழ்மையை ஐம்பதுக்கு அளந்துவிட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நிவேதிதா அளந்து காட்டினாள்.

நசரத்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் இருப்பவள். ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை அவளைத் தேர்வுக் குழுவுக்கு அழைத்திருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக, குறிப்பு எழுத என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவளே தயாரித்த மதிப்பெண் தாளை என்னிடம் நீட்டியபோது உண்மையிலேயே மலைத்துப் போனேன். ஓட்டு வீடு என்றால் பத்து. வீட்டுக்கு ஒரே மின்விசிறி என்றால் எட்டு. ஃப்ரிட்ஜ் இருந்தால் ஐந்து கழியும். உடைக்கும் தோற்றத்துக்கும் மட்டும் பதினைந்து. ஐம்பதுக்கு நாற்பது எடுக்காதவரின் படிப்பு மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம், கோப்பை மூடிவிடலாம். இத்தனை காலம் மனிதர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள், ஒருவருக்காவது இப்படி ஒரு தாள் போடத் தோன்றியிருக்கிறதா?

அறக்கட்டளை அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், கங்காதரனின் நட்டு போல்ட்டு கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தது. நிறுவனர் அவர்தான். சுவரில் அவர் மூன்று படங்களில் இருந்தார். ஒன்றில் பொன்னாடை வாங்கினார், ஒன்றில் பொன்னாடை போர்த்தினார், மூன்றாவதில் சும்மாவே கம்பீரமாக நின்றார். அதற்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ்: 'அன்று அரம் பிடித்த கை, இன்று அறம் செய்யும் கை.' அவர் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்து, இரும்பை ராவி ராவி முன்னுக்கு வந்தவர் என்று அறக்கட்டளையின் எல்லா நோட்டீசிலும் போட்டிருக்கும்.

குழுவின் தலைவர் ஞானசேகரன், ஓய்வு பெற்ற துணை இயக்குநர். எந்தத் துறையில் என்று கேட்டால், "அரசில்" என்பார். தண்ணீர் கேட்பதைக்கூட மைக் முன்னால் நின்று கேட்பதுபோலக் கேட்பவர்.

முதலில் வந்த உத்தமன் என்ற பையனுக்கு நாற்பத்தெட்டு. தோளில் கிழிந்த சட்டை, வெறுங்கால். சாப்பிட்டு இரண்டு நாள் ஆயிற்று என்று அவன் சொன்னபோது நிவேதிதாவின் பேனாவே தழுதழுத்தது.

இரண்டாவதாக, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கோட்டு வந்தது. பிறகுதான் அதற்குள் ஆள் இருப்பதைப் பார்த்தோம். கருநீலக் கோட்டு, கழுத்தில் சிவப்பு டை, கூடவே அந்துருண்டை வாசனை. வலது கையை வயிற்றின் மேல் பதித்து, ஜமீன்தார் மாதிரி நடந்து வந்தார். பின்னால் பத்தொன்பது வயதுப் பெண். கஞ்சி போட்ட வெள்ளைச் சுடிதார், மடிப்பு கலையாத துப்பட்டா, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"ஸ்தோத்... வணக்கம் சார். எம்பேரு டேவிட். இது என் பொண்ணு ரெனிதா."

ஞானசேகரன் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டார். "தாங்கள் எந்த நிறுவனத்தின் மேலாளர்?"

"ஆட்டோ சார். ஷேர் ஆட்டோ, ஆவடி டு அம்பத்தூரு."

"சொந்த வாகனமோ?"

"வாடக வண்டி சார். நாளு வாடக."

ஞானசேகரன் உட்கார்ந்தார். எழுந்ததற்காகக் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

நிவேதிதா தாளைப் பார்த்துக் கேட்டாள். ஆவடியில் ஓட்டு வீடு, ஒரே மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இல்லை. பதில்கள் சரியாகத்தான் வந்தன. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் அவள் கோட்டை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான். என்னிடமே கோட்டு கிடையாது.

"கவர்மெண்ட் ஐ.டி.ஐ.ல ஏன் சேரல?"

"ஃபிட்டர் சீட்டு தீந்துபோச்சி மேடம்" என்றாள் ரெனிதா. "அதான் பிரைவேட்டுல சேந்தேன். ஃபஸ்ட் இயர் முடிஞ்சிடிச்சி."

"கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு மாசாமாசம் அரசாங்கம் தர்ற பணம் வரலையா?"

டேவிட் இருமினார். "அது என் தப்புதாம்மா. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரிக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணுமாம். ஆறாவது மட்டும் இங்கிலீசு மீடியத்துல போட்டேன். ஒரே வருசம். டை கட்டிக்கினு போவும், பாக்கச் சொல்லோ அவ்ளோ ஜோரா இருக்கும். அந்த டைக்கு இப்ப ஃபீஸு கட்டிக்கினு கீறேன்."

"கல்வியை ஊக்குவிக்க வங்கிகள் கடனை வாரி வழங்குகின்றனவே" என்றார் ஞானசேகரன்.

"போனேன் சார். இன்ஜினீரிங்கா, நர்சிங்கான்னு கேட்டாங்க. ஃபிட்டருன்னேன். நாளைக்கு வாங்கன்னாங்க. நாலு வாட்டி நாளைக்குப் போனேன். மொத வருசத்துக்கு எங்க சபைல காணிக்க எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டாவது வாட்டி எப்பிடி சார் போய்க் கேக்கறது?"

"நாளைக்கு சனிக்கெழம மேடம்" என்றாள் ரெனிதா. "நாளைக்குள்ள ரெண்டாவது வருசத்து ஃபீஸ் கட்டலன்னா பேர எடுத்துடுவாங்க. திங்கக்கெழமலேர்ந்து திருமழிசைல பாக்கிங் வேலைக்கு வர்றேன்னு சொல்லி ஆதாரெல்லாம் குடுத்தாச்சி."

இதை அவள் அழாமல் சொன்னாள். தாளில் அழுகைக்கென்று தனியாக இடம் இல்லை. ஆனாலும் உத்தமன் அழுதிருந்தான்.

நிவேதிதா என் பக்கம் குனிந்து, "அந்த ஆளைப் பாருங்க சார், வயித்துலேர்ந்து கையை எடுக்கவே மாட்டேங்கறார். கேக்க வந்த இடத்துல என்ன தோரணை!" என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தாள். "சாதனைச் சான்றிதழ் ஏதாவது இருக்காம்மா? மெடல், கப்?"

ரெனிதா யோசித்தாள். பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில், விரல் தடிமனில், பளபளவென்று ஓர் இரும்புக் கட்டி. "இதான் மேடம் கீது."

"பேப்பர் வெயிட்டா? சாரிம்மா, நாங்க கிஃப்ட்டெல்லாம் வாங்கக் கூடாது."

"அன்புடன் அளிப்பதை மறுத்தல் பண்பாடன்று" என்று ஞானசேகரன் அதை எடுத்து, விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த விண்ணப்பக் கட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

ரெனிதா வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் டேவிட்டின் செருப்பு அவள் காலை மிதித்தது. பெரியவர்கள் ஒன்றை பேப்பர் வெயிட் என்றால் அது பேப்பர் வெயிட்தான் என்று நினைக்கிற மனிதர்.

நிவேதிதா கூட்டிப் பார்த்தாள். ஏழ்மையில் முப்பத்தொன்று. உடைக்கும் தோற்றத்துக்கும் பூஜ்யம். "சாரி சார். நாற்பது இருந்தாத்தான் மேல பேச முடியும்."

டேவிட் விவாதிக்கவில்லை. "சரிங்கம்மா. ஸ்தோத்திரம்" என்று இந்த முறை முழுதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். ரெனிதா மட்டும் நகரவில்லை. அவள் கண் விண்ணப்பக் கட்டின் மேலேயே இருந்தது.

அப்போதுதான் மதுரைவீரன் டீ கொண்டு வந்தார். இதே எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, அது மூடிய பிறகு இங்கே டீ கொடுத்து, கூட்டிப் பெருக்கி, வருகிற கூட்டத்துக்குக் கதவு திறந்துவிடுகிறவர்.

"முன்னாடி வந்துச்சே ஒரு புள்ள," என்றார், டம்ளரை வைத்துக்கொண்டே, "கீழ போய் பைக்கு பொட்டிலேர்ந்து ஷூவ எடுத்து மாட்டிக்கினு கீது. பைக்கு புச்சு சார். இன்னும் நம்பரே..."

பேச்சு அங்கே நின்றது. அவர் இரும்புக் கட்டியைப் பார்த்துவிட்டார்.

தட்டைத் தரையில் வைத்தார். கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தார். கட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மேலும் கீழும் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயையே... இது ரெண்டு துண்டா?"

"எது ரெண்டு துண்டு?" என்றாள் நிவேதிதா.

அவர் கட்டை விரலால் நடுவில் மெல்ல அழுத்தினார். முழு இரும்பாகத் தெரிந்த அதன் நடுவிலிருந்து ஒரு சதுரம், எந்தச் சத்தமும் இல்லாமல், மறுபக்கத்தில் இறங்கி வந்தது.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வித்தைகள் பார்த்திருக்கிறேன், வித்தைக்காரர்களின் பையையும் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தபடி நின்றது எனக்கே பிறகுதான் உறைத்தது. அந்த இரும்பில் கோடு கிடையாது. இரண்டு துண்டு என்று சொன்ன பிறகும், கண்ணை ஒட்ட வைத்துத் தேடியும், எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. மதுரைவீரன் சதுரத்தை ஓட்டைக்கு நேராக வைத்து விரலை எடுத்தார். அது தன் எடையிலேயே, அவசரப்படாமல், உள்ளே போய் உட்கார்ந்தது. கோடு மறைந்தது. வெளியே எடுத்துக் கால்வாசி திருப்பிப் போட்டார். மறைந்தது. இன்னும் கால்வாசி. தலைகீழாகக் கவிழ்த்து நாலு பக்கமும். எட்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டார். எட்டு தடவையும் இரும்பு மூடிக்கொண்டது.

"மிசின்ல வெட்னதா பாப்பா?"

"இல்லண்ணா, அரத்துல ராவுனது. மொதல்ல ஒண்ணு போட்டேன், ஒம்போது நாளு. ஒரு மூலைல மட்டும் லேசா வெளிச்சம் வந்துடிச்சி. அத்தத் தூக்கிக் கடாசிட்டு மறுபடி போட்டது இது. பதினோரு நாளு."

"வெறுங்கையில?"

"கையிலதாண்ணா."

"யம்மா, அந்த செல்லு லைட்ட இதுக்குப் பின்னால புடி" என்றார் மதுரைவீரன். அந்த அறையில் நிவேதிதாவை யாரும் அப்படி ஏவியதில்லை. அவள் பிடித்தாள். ஜன்னல் திரையை நான் இழுத்துவிட்டேன். நாலு தலைகள் முட்டிக்கொண்டு அந்தச் சதுரத்தின் ஓரத்தைத் தேடின. இரும்பைச் சுற்றி வெளியே வெளிச்சம் வழிந்தது. சதுரத்தைச் சுற்றி ஊசிமுனை அளவுகூட இல்லை.

மூன்று பிள்ளைகளின் திருமணப் பத்திரிகையையும் தூய தமிழில் அடித்த ஞானசேகரனின் தொண்டைக்குள்ளிருந்து, நாற்பது வருஷமாக அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று கிளம்பி வந்தது.

"எப்புட்றா!"

அதே நேரத்தில் கங்காதரன் உள்ளே வந்தார். உத்தமனுக்குத் தரப்போகும் மூன்றடி அட்டைச் செக்கோடு படம் எடுத்துக்கொள்ள, தலை சீவி, சந்தன நிறச் சட்டை போட்டு வந்திருந்தார். "இன்னா, எல்லாரும் இருட்டுல நிக்கிறீங்க?"

மதுரைவீரன் கட்டியை அவர் கையில் வைத்தார். கங்காதரனின் கட்டை விரல் தானாகவே நடுவுக்குப் போனது. அழுத்தினார். சதுரம் இறங்கியது. முகத்தில் இருந்த ஃபோட்டோச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் ரெனிதா.

அவர் கட்டியை மேஜையில் வைக்க மனமில்லாதவர்போலக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் அல்லாமல் அந்த இரும்பிடம் சொன்னார்: "நானும் போட்டேன். பல்லி பூந்து வர்ற அளவுக்கு சந்து. வாத்தியாரு ஜன்னல் வழியா வீசிட்டாரு. அன்னிக்கு அரத்தக் கீழ வெச்சவன்தான், மறுபடி தொடல. யாவாரத்துக்கு வந்துட்டேன்."

யாரும் தலையைத் தூக்கி ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோருமே கஷ்டப்பட்டோம்.

"இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ மார்க்கு?"

"முப்பத்தொண்ணு சார்" என்றாள் நிவேதிதா. குரல் சிறுத்திருந்தது. "டிரெஸ்ஸுக்கு... பதினஞ்சு போயிடிச்சு."

அப்போதுதான் டேவிட்டுக்கு விஷயம் விளங்கியது. "கோட்டாலயாம்மா? ஐயோ. கல்யாணக் கோட்டும்மா இது. பெரியவங்க முன்னாடி போறோம், கோயிலுக்குப் போற மாரி போங்கன்னு ஊட்ல எடுத்துக் குடுத்தாங்க. டை எங்க சபை கொயர்ல பாடற பையன்து. தப்புன்னா கழட்டிட்றேன்."

வயிற்றிலிருந்து கையை எடுத்தார். கோட்டு இரண்டு பக்கமும் விலகி நின்றது. பித்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு ஜாண். அவ்வளவு நேரமும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே ஆட்டோ காக்கிச் சட்டை. இங்கிருந்து நேராகச் சவாரிக்குப் போக வேண்டும் அல்லவா?

நிவேதிதா தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினாள். நாற்பத்தாறு. கையோடு உத்தமனின் கோப்பையும் மூடினாள். நான் குறிப்பில், 'கூட்டல் பிழை திருத்தப்பட்டது' என்று எழுதினேன். என் கையெழுத்து அன்று அவ்வளவு நன்றாக இல்லை.

கங்காதரன் ஐ.டி.ஐ. அலுவலகத்துக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டாம் வருஷக் கட்டணம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது ரெனிதாவின் செல்லில் வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். அடுத்ததாகத் திருமழிசைக்கு ஒரு ஃபோன் போட்டு, "அண்ணா, நான் திங்கக்கெழம வரமாட்டேன், என் ஆதாரக் கிழிச்சிடுங்க" என்றாள். டேவிட் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார்.

"இத்த இங்கியே வெச்சிட்டுப் போறியாம்மா?" என்று கங்காதரன் கேட்டார். சுவரில் இருக்கும் கங்காதரன் யாரிடமும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். "என் டேபிள் மேல இருக்கட்டும்."

"முடியாது சார். இரும்பு ஸ்கூல்து. மார்க்கு போட்டதும் ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும்."

கங்காதரன் தலையாட்டினார்.

படம் எடுக்க வரிசையாக நின்றோம். ஞானசேகரன் தன் பழைய குரலைத் தேடி எடுத்துக்கொண்டு, "மேலங்கியைக் களைந்துவிட்டால் படம் நோக்கத்துக்கு இயைந்திருக்கும்" என்றார்.

"கோட்டு இருக்கட்டும் சார்" என்றாள் நிவேதிதா.

மதுரைவீரன் செல்லைத் தூக்கிப் பிடித்து, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை இப்போது மூன்று கங்காதரன்களுக்கும் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். நோட்டீசில் போட லாயக்கில்லாத படம். நிறுவனரின் வழுக்கை தெரிகிறது. துணை இயக்குநரின் வாய் திறந்திருக்கிறது. நிவேதிதாவும் நானும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். எல்லோரும் ரெனிதாவின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் சதுரத்தைப் பாதி வெளியே தள்ளிப் பிடித்திருக்கிறாள். கேமராவைப் பார்த்து ஒழுங்காக நிற்பவர் டேவிட் ஒருவர்தான், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.