நேரடி ஈடுபாடு

அன்று காலை என் தம்பி ராஜவேலு எனக்குப் பேனாவில் மை ஊற்றிக் கொடுத்தான். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் குந்திக்கொண்டு, ஒரு சொட்டுகூடத் தரையில் விழாமல் ஊற்றினான். சிவப்பு மை.

"இன்னாண்ணா, பேனா காஞ்சி கெடக்குது? மொத்தத்தையும் என் நோட்டுலயே கொட்டிட்டியா?" என்றான்.

அம்மா உள்ளேயிருந்து, "அவன் வாத்தியாரு, அப்படித்தான் போடுவான். நீ பேசாம துன்னுட்டுக் கெளம்பு" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினான். நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அது 1972. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஜவுளி வேதியியல் விரிவுரையாளன். கடைசி ஆண்டு மாணவர்கள் ஏதாவது ஒரு பட்டறையிலோ ஆலையிலோ ஆறு வாரம் வேலை பழக வேண்டும். தினமும் செய்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, குறிப்பேட்டைத் திருத்தி மதிப்பெண் போடுவார். காஞ்சிபுரத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஊர்க்காரன் என்று மேற்பார்வையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பேரில் ஒருவன் ராஜவேலு. வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். 'தம்பிக்கு அள்ளிப் போட்டுவிடுவான்' என்று ஆசிரியர் அறையில் யாரோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

ராஜவேலு இருந்தது ராமலிங்கம் என்பவருடைய சாயப் பட்டறையில். பட்டு நூலைச் சோடாவில் வேகவைத்துப் பசை நீக்கிச் சாயம் ஏற்றுவார்கள். கழிவு நீரெல்லாம் பின்பக்கம் மூடி போட்ட ஆழமான ஒரு தொட்டியில் போய் விழும். புதன்கிழமை நான் போனபோது ராமலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னா சார் உங்க தம்பி? தொழில் கத்துக்க வந்தாரா, என் தொட்டிய மோந்து பாக்க வந்தாரா? தாளைக் கயித்துல கட்டி உள்ள உட்டுக்கினு இருக்காரு. அடுத்த வருசம் பசங்கள அனுப்பணுமா, வேணாமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் முழுக்கத் தொட்டியைப் பற்றியே எழுதியிருந்தான். ஈய அசிடேட் தாளை உள்ளே இறக்கினான். இரண்டே நிமிடத்தில் அது கறுத்துவிட்டது. ஆகவே உள்ளே நச்சு வாயு இருக்கிறது. ஆட்கள் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு அணையாது. கறுத்த தாளைப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தான்.

அவன் எழுதியது சரி. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் அப்போது ராமலிங்கத்தின் மேலிருந்த பயமும் ஆசிரியர் அறைச் சிரிப்பின் மேலிருந்த பயமும்தான் எனக்குப் பெரிதாக இருந்தன. பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்தேன். கீழே எழுதினேன்: 'பட்டறையைக் குறை சொல்வது பயிற்சி அல்ல. நேரடி ஈடுபாடு போதாது. ஓரமாக நின்று பார்த்ததை எழுதுகிறான். கையால் செய்தது எதுவும் இல்லை.' இருபதுக்கு ஏழு போட்டேன். ஏழு போடும்போது பேனா காய்ந்துவிட்டது. இரண்டு முறை அழுத்திப் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, ராஜவேலு மை ஊற்றிக் கொடுத்த நாள். முதலில் இன்னொரு மாணவன் சாமுவேலைப் பார்க்கப் போனேன். அவன் பட்டு நூல் முறுக்கும் பட்டறை ஒன்றில் இருந்தான். அவன் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், ராஜவேலுவுக்கு ஏழா போட்டீங்க?"

"அத உங்கிட்ட சொல்லிட்டானா?"

"காலையில டீக்கடையில பாத்தேன் சார். இன்னிக்கி அங்க தொட்டி தூர் வார்றாங்களாம். 'நானும் எறங்கப்போறேன், எங்கண்ணன் வாய அடைக்கிறேன் பாரு'ன்னான். சிரிச்சிக்கினேதான் சொன்னான் சார்."

குறிப்பேட்டை மூடினேனா என்று நினைவில்லை. எழுந்து ஓடினேன்.

அவன் இறங்க மாட்டான், அவனுக்குத்தான் தெரியுமே என்று முதலில் நினைத்தேன். அடுத்த அடியில், நான் சிவப்பு மையில் எழுதியதும் அவனுக்குத் தெரியுமே என்று நினைத்தேன்.

சாயப் பட்டறைக்குப் போகும் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெசவுக்கான பட்டு இழைகள் இடுப்பளவு உயரத்தில் விறைத்து நின்றன. அறுந்த இழையை முடிந்துகொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள். பட்டறைச் சந்து எதிர்ப்பக்கத்தில், பத்தடியில் இருந்தது. குனிந்து உள்ளே நுழைந்திருந்தால் பத்து இழை அறுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் விரித்த பாவுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். கால் தானாகத் திரும்பிவிட்டது. தெருக்கோடிவரை ஓடி, சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இழை முடிந்துகொண்டிருந்த எல்லம்மாள் என்ற அம்மாள் என்னைத் தெரிந்தவள். "இன்னா வாத்தியாரே, பொண்டாட்டி தொரத்திக்கினு வருதா?" என்றாள். சுற்றிலும் சிரித்தார்கள்.

பட்டறையில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பின்பக்கம் இருந்தார்கள். தொட்டியின் மூடி திறந்திருந்தது. ராமலிங்கம் என்னைப் பார்த்ததும் கைகளைக் கூப்பிக்கொண்டு ஓடிவந்தார்.

"வெளக்கு அணையல சார்! எரிஞ்சிக்கினுதான் இருக்குது, நீங்களே பாருங்க சார்!"

பார்த்தேன். கயிற்றின் முனையில் அரிக்கேன் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் ஏணிக்குக் கீழே ஒரு முதுகு தெரிந்தது. காலையில் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை.

அழுகிய முட்டை நாற்றம் ஒருமுறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை. நாற்றம் தெரியாமல் போனால்தான் ஆபத்து என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஏணியில் ஒரு காலை வைத்தேன். தொட்டி வாரும் தாவீது என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"வேணாம் சார்! நானும் பாதி எறங்கி, தலை சுத்தி ஏறிட்டேன். 'நீ இரு, நான் மொதல்ல போறேன், ரெண்டே நிமிசம்'னு ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கினு போனாரு தம்பி. நான் சொன்னேன் சார், படிச்ச புள்ள உனக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னு. கையால செஞ்சாத்தான் மார்க்காம்னாரு."

தாவீதின் பிடி அவ்வளவு இறுக்கமானது இல்லை. உதறிவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் இறங்கவில்லை.

கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் கொக்கியைக் கொண்டுவந்து, சட்டையில் மாட்டி இழுத்தார்கள். முதல் தடவை சட்டை கிழிந்துவிட்டது. வெளியே கிடத்தியபோது ஈரத்துணி முகத்தில் ஒழுங்காகக் கட்டியபடியே இருந்தது. முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நாடி பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஏழு மதிப்பெண்ணை மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் உயிரோடிருந்த பதினாறு வருஷமும் அதை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். சாமுவேல் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் மேற்பார்வைக்குப் போவதை விட்டுவிட்டேன்.

குறிப்பேட்டைக் கல்லூரி ஆறு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. இப்போது அதன் தாள்கள் பழுப்பேறிவிட்டன. நான் கிழித்த கோடு வெளிறிப்போய்விட்டது. அழுத்திப் போட்ட ஏழு என்ற எண்ணைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது.

ஓரத்தில் அவன் ஒட்டிய தாள் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே கறுப்பாக இருக்கிறது.