அம்மா பக்கத்துக் கதவு

மூன்றாவது முறையும் காரின் கதவு மூடவில்லை. அப்பாவின் உடலை ஏற்றிக்கொண்ட ஊர்தி தெருமுனை வரை போய், பின்னால் கார் வராததைப் பார்த்து நின்றுவிட்டது. மகள் இன்னும் ஓங்கி அறைந்தாள். கதவு போய் இடித்து, தொண்டை கட்டியவன்போல ஒரு சத்தம் போட்டு, மறுபடி வாயைப் பிளந்துகொண்டது. உள்ளே அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின் சீட்டிலிருந்து ஸ்பிரிங் மாமா இறங்கி வந்தார். அப்பாவோடு லிஃப்ட் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். நடக்கும்போது குதிகால் தரையில் பாவாது என்பதால் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது, அதுவே நிலைத்துவிட்டது. கதவின் அடி விளிம்பில் முழங்காலைக் கொடுத்து லேசாகத் தூக்கி, உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். மூடிக்கொண்டது.

"உங்கப்பன் இப்படித்தான் மூடுவான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

மயானம் வரை ஊர்தியின் பின்னாலேயே ஓட்டிப் போனபோது, அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கேள்வி வந்தது. பிறவிக் குணம். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. முந்தின நாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். அது எப்படி என்று கேட்க ஆள் இல்லை. கதவைப் பற்றியாவது கேட்கலாம்.

அப்பாவின் தொழிலே கதவுதான். லிஃப்ட் கதவு நகம் அளவு விலகியிருந்தாலும் கால் வைத்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். விருந்துக்குப் போன வீட்டில்கூட அலமாரிக் கதவு தொங்குவதைப் பார்த்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்த் திருகாணியை முடுக்குகிற ஆள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு அவரிடம் எடுபடாது. அவர் வீட்டில் ஒரு குழாய் சொட்டியதில்லை. அப்படிப்பட்டவர் தன் காரின் கதவை மட்டும் ஏன் தொங்கவிட்டார்?

அதிலும் அது அம்மா பக்கத்துக் கதவு. காரில் போகும்போதெல்லாம் அப்பா சுற்றி வந்து அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடுவார், ஏறியதும் மூடிவிடுவார். மகாராணி புறப்பட்டாச்சு என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்வாள். எங்கப்பாவைப் பாருங்க, கத்துக்கோங்க என்று மகளே தன் கணவனிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் அது அன்பா, தேய்ந்துபோன கீலா? பாவம், கணவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வருமோ என்று நினைத்தபோது, அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பினார்கள். மத்தியானம் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். அவளுக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. முற்றத்துக்குப் போய், காரின் கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் எழும்பியது, விட்டால் 'டக்'கென்று இறங்கியது. மறுபடி தூக்கினாள். மேல் கீல்தான் ஆடியது. கீழே இருந்தது சிவனே என்று இருந்தது.

டீ டம்ளரோடு வந்து நின்ற ஸ்பிரிங் மாமாவிடம், இதைச் சரிபண்ண ரொம்ப நேரம் ஆகுமா என்று கேட்டாள். கீலுக்குள் இருக்கிற கம்பியும் அதைச் சுற்றிய புஷ் என்கிற பித்தளை வளையமும் தேய்ந்திருக்கின்றன, மாற்றினால் தீர்ந்தது, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்றார். புதுப் புஷ்கூட டிக்கியில் அப்பாவின் டூல் பெட்டிக்குள் கிடக்கும் என்றார்.

"அப்ப ஏன் மாமா மாத்தல?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

அவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம். அம்மாவை வளர்த்த அக்கா, அதாவது பெரியம்மா, ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி வந்தது. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில், அப்பாவைத் தெரிந்த ஒரு கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்து காரை மறித்தான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். இதோ வந்துடறேன் என்று இறங்கிப்போனார் அப்பா. அந்த 'இதோ' நீண்டுபோனது. அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அதை வாசலிலேயே யாரோ கார் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டார்கள். கார் நிற்பதற்குள் அம்மா கதவை உதைத்துத் திறந்தாள். அது வாசல் தூணில் மோதி, கீல் நெளிந்தது.

"அதுக்கப்புறம் உங்கம்மா அவன்கிட்ட பேசவே இல்ல. மழைக்காலம் பூரா. சோறு போடுவா, துணி மடிச்சு வைப்பா, வாய் மட்டும் திறக்கமாட்டா. அவனும் கேக்கமாட்டான். வேலைக்கு வந்து ஊமை மாதிரி நிப்பான்."

நெளிந்த கீலைத் தட்டி நேராக்கினார்களாம், ஆனாலும் கதவு தொங்கியது. புதுக் கம்பியும் புஷ்ஷும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜாக்கி வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். மேல் கம்பியில் ஸ்பிரிங் மாமா சுத்தியலை ஓங்கியபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"'வேணாம்டா. நேத்து கதவ மூடும்போது கைய உள்ள எடுன்னு சொன்னேன். எடுத்துட்டேன்னு வாயத் திறந்து சொன்னா'ன்னான். அவ்வளவுதான். ஜாக்கிய இறக்கிட்டோம்."

மகள் கதவின் நுனியைப் பிடித்தபடியே நின்றாள். காலையிலிருந்து குடைந்த கேள்விக்கு எவ்வளவு சின்னப் பதில். ஆனால் அதற்குள் இன்னொன்று முளைத்துவிட்டது. அம்மாவுக்கு இது தெரியுமா?

அதைக் கேட்கத் தேவைப்படவில்லை. அம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அந்தப் புஷ் பெட்டியில இருந்தத நான் அப்பவே பாத்தேன்" என்றாள். "கேட்டிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பாரு. நான் கேக்கல."

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்து காரின் கூரைமேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"அப்படியே விட்டுடலாமாம்மா?"

"எதுக்கு? நாளைக்கு இத மூட நான் யாரக் கூப்பிடுவேன்?" என்றாள் அம்மா. "இப்பவே மாத்துங்க."

ஸ்பிரிங் மாமா சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பெயிண்ட் போகாமல் இருக்க நடுவில் பலகையும் பழைய துணியும் கொடுத்தார்கள். மகள் நுனியைத் தாங்கிக்கொண்டாள். அம்மாவிடம் டார்ச்சைக் கொடுத்து, கீலுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார் மாமா. உள்ளே படுத்திருந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மகளுக்கு ஒரு கணம் தோன்றியது. செத்த வீட்டில் சுத்தியல் சத்தம். சித்தப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு தலையை இழுத்துக்கொண்டார்.

கம்பி லேசில் வரவில்லை. துரு பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, கீழிருந்து தட்டத் தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. வெளியே எடுத்ததும் மகள் அதை வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து இடுப்புபோல் ஒடுங்கியிருந்தது. புஷ் வட்டம் போய் முட்டை வடிவம் ஆகியிருந்தது. அம்மா கையை நீட்டினாள். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, குப்பையில் போடுவதற்கா வைத்துக்கொள்வதற்கா என்று தெரியாதபடி காரின் கூரைமேல் வைத்தாள்.

புதுசைத் தட்டி இறக்கி, கிரீஸ் தடவி, ஜாக்கியை எடுத்ததும் கதவு இருந்த இடத்திலேயே நின்றது. மகள் ஒரு விரலால் தள்ளினாள். போய்ப் பதிந்துகொண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

அம்மா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தானே இழுத்து மூடினாள். பழக்கமில்லாத கை, தேவைக்கு மேல் பலம் போட்டுவிட்டாள். கண்ணாடிகள் அதிர்ந்தன.

"இவர வீட்ல விட்டுட்டு வந்துடலாம். காலையிலேர்ந்து நிக்கிறாரு" என்றாள், ஜன்னலை இறக்கி.

ஸ்பிரிங் மாமா வேண்டாம் என்றார், பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். மகள் கைகளைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டாள்.

"சீட்ட முன்னாடி தள்ளிக்கோ" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "காலையிலயும் நுனிக்காலாலதான் மிதிச்சிட்டு வந்தே. உங்கப்பா உயரம் வேற, நீ வேற."

அவள் சீட்டுக்கு அடியில் துழாவினாள். நெம்புகோல் கைக்குக் கிடைத்தது, அசையவில்லை. பின்னாலிருந்து ஸ்பிரிங் மாமா சீட்டின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். முதலில் முனகியது, பிறகு கரகரவென்று நகர்ந்தது. பின்பக்கத் தரையில், சீட் மறைத்திருந்த இடத்தில், வெயிலும் காலும் படாமல் இருந்த கம்பளத்தின் ஒரு பட்டை மட்டும், கார் வாங்கிய அன்றைய நீலத்திலேயே கிடந்தது.