சூடு காட்டாத தஃப்

சிக்கந்தருக்கு யாரையும் பாதியாக நம்பத் தெரியாது. நம்பினால் முழுசாக நம்பிவிடுவான். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு இது ஆகாத குணம் என்று அவன் மனைவி உஸ்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

அப்படி அவன் நம்பியவர்களில் முதல் ஆள் கிருபாசங்கர். கல்லூரியில் ஒரே பெஞ்ச். பல்லடத்தில் அவன் குடும்பத்துக்கு விசைத்தறிகள் உண்டு. ஓடுகிற தறியின் சத்தத்தைப் பதிவு செய்து, லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, அதையே தாளமாக்கினான். அந்தத் தாளத்தின் மேல் சிக்கந்தர் தஃப் வாசிக்க வேண்டும். இடையிடையே பித்தளை அண்டா, பால் கேன், கிரைண்டர் கல் எல்லாம் பேசும். போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய கிடங்கில் நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் பயிற்சி நடந்தது. கல்யாண வீட்டிலும் மவ்லிது ஓதுகிற இடத்திலும் வாசிக்கிற கையை மாவாட்டுகிற கல்லோடு சேர்த்துவிட்டானே என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். சிக்கந்தர் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

தஃப் ஒரு வீம்பு பிடித்த வாத்தியம். ஆட்டுத்தோல் ஈரக்காற்றைக் குடித்தால் தொய்ந்துபோய், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி பொத்தென்று கேட்கும். கரி அடுப்பில் சூடு காட்டினால் இறுகிக்கொண்டு, விரல் நுனி பட்டாலே கணீரென்னும். அதனால் கிடங்கின் மூலையில் எப்போதும் ஓர் அடுப்பு கனன்றுகொண்டிருக்கும்.

போன சித்திரையில், தஃப்பின் எல்லா அடிகளையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றான் கிருபாசங்கர். மேடையில் மைக் காலை வாரினால் கைகொடுக்குமாம். நல்ல யோசனை என்று பட்டது சிக்கந்தருக்கு. வெளியே வெயில், உள்ளே அடுப்பு, இரண்டு ஞாயிறு முழுக்க உள்ளங்கை வீங்கும்வரை வாசித்துக் கொடுத்தான்.

ஐப்பசியில் ஒரு கச்சேரி வந்தது. ஜெர்மனியில் இசை விழா நடத்துகிற ஓர் அம்மா பார்க்க வருகிறாள், பிடித்துப்போனால் இரண்டு பேரையும் அங்கே அழைப்பாள் என்று கிருபாசங்கர் சொல்லியிருந்தான். சிக்கந்தர் பாஸ்போர்ட் எடுத்தான். உஸ்மா ஸ்வெட்டரே வாங்கிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. அவினாசி ரோட்டு அரங்கத்தில் ஏசியும் சேர்ந்துகொண்டது. நெருப்பு மூட்டக் கூடாது என்று காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார். தஃப்பைத் தட்டிப் பார்த்த சிக்கந்தருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடு மாப்ள, சூடு காட்டாட்டிப் போகுது. நான் பாத்துக்கறேன்" என்றான் கிருபாசங்கர்.

விளக்கு அணைந்தது. தறி ஓட ஆரம்பித்தது. சிக்கந்தர் முதல் அடி வைத்தான். கணீரென்று கேட்டது. லேப்டாப்பில் என்ன மாயம் செய்தானோ என்று நண்பனை நினைத்துப் பூரித்துப்போனான். நன்றியோடு அந்தப் பக்கம் பார்த்தான். கிருபாசங்கர் நிமிரவில்லை.

பாதியில் சில்லிட்ட தோலில் விரல் வழுக்கி, ஓர் அடி தவறியது. ஸ்பீக்கரில் அது தவறவில்லை.

அடுத்த அடியை வேண்டுமென்றே விட்டான். அதுவும் கேட்டது. சுத்தமாக, இறுக்கமாக, சித்திரை வெயிலில் காய்ந்த தோலின் சத்தம். சிக்கந்தர் இரண்டு கைகளையும் தூக்கினான். தஃப் மடியில் சும்மா கிடந்தது. வாசிப்பு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் கிருபாசங்கர் ஓடிவந்து கட்டிக்கொண்டான். கையைத் தூக்கியதுதான் உச்சம், அந்தம்மா அசந்துபோனாள் என்றான். மைக்கை எப்போது நிறுத்தினாய் என்று சிக்கந்தர் கேட்டான். போடவே இல்லை என்று பதில் வந்தது. மழை நாளில் தோலை நம்ப முடியுமா என்று அதற்கொரு நியாயமும் வந்தது.

"ஜெர்மனிக்கும் இப்படித்தானா?"

கிருபாசங்கர் வயரைச் சுருட்டத் தொடங்கினான். அழைப்பு போன மாசமே வந்துவிட்டதாம், ஒரே ஓர் ஆளுக்கு. "தப்பா நெனைக்காத மாப்ள. நீ வராட்டி என்ன, உன்ற தஃப் வருதில்ல?"

"அப்பறம் இன்னிக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"மேடை வெறிச்சுன்னு கெடக்கக் கூடாதுல்ல."

சிக்கந்தர் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அறைகிற கையையும்தானே அவன் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. தஃப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டான்.

"நல்லாருங்க. வாரேனுங்க" என்றான். டா போட்டே பேசிப் பழகியவன் வாயில் அந்த மரியாதை வந்ததும் கிருபாசங்கர் வயரைக் கீழே விட்டுவிட்டான்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்ட உஸ்மா வாசலில் குடையோடு காத்திருந்தாள். அவள் முகம் மலர்ந்து கிடந்தது. வண்டி நிற்கிற இடம்வரை பேசிக்கொண்டே வந்தாள். மழையைப் பார்த்துப் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டாளாம். முதல் அடி கேட்டதுமே பயம் போய்விட்டதாம். கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தாளாம்.

"இன்னிக்கு மாதிரி நீங்க என்னிக்குமே வாசிச்சதில்லைங்க" என்றாள். "கண்ணை மூடிட்டுக் கேட்டாலும் உங்க கைன்னு தெரிஞ்சுது."

அவன் குடைக்கு வெளியே நின்றுவிட்டான். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"என் கைதான் உஸ்மா" என்றான். "ஆனா இன்னிக்கு நான் வாசிக்கல."