தாரை வார்க்காத கை

"பொண்டாட்டி இல்லாதவன் மணையில குந்தக்கூடாது பரசு. நானும் உங்க அண்ணியும் குந்தி தாரை வார்த்துடறோம்."

மகள் அனுராதாவின் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெரியப்பா மகன் கண்ணையன் இதைச் சொன்னபோது, மணையில் உட்காரவென்று வாங்கிய வேட்டியைப் பரசுராமன் மடித்துக்கொண்டிருந்தான். மடித்து ஓரமாக வைத்துவிட்டான்.

அவனுடைய அம்மா செத்த வருஷமே அவனுடைய அப்பா வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அவனை மணவூரில் மாமன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். எப்போதாவது வருவார். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான், தொட்டிலில் பிள்ளையை விட்டுவிட்டு மனைவி ஜெயம்மாள் செத்தபோது, பெண் பார்க்கிறேன் என்று வந்தவர்களையெல்லாம் அவன் திருப்பி அனுப்பினான். தான் நெய்துகொண்டிருந்த ஆர்.கே.பேட்டைத் தறிக்கூடத்திலேயே தூளி கட்டினான். சடை பின்னக் கற்றுக்கொண்டான். அனுராதா வயதுக்கு வந்த அன்று, மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்று வாங்கி வந்தான்.

கண்ணையனோ முதல் மனைவியையும் அவள் பெற்ற மகனையும் விரட்டிவிட்டுக் கெங்கம்மாளைக் கட்டியவர். பக்கத்தில் மனைவி இருப்பதால் அவர் மங்கலமானவர்.

அப்பா உட்காராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அனுராதா அழுதாள்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, இவன் குந்தினதாலதான்னு சொல்லுவாங்கம்மா. அத நான் தாங்கமாட்டேன்" என்றான் பரசுராமன். அவன் முகத்தைப் பார்த்து அவள் அடங்கினாள்.

மறுநாள் திருத்தணியில், மலையடிவார மண்டபத்தில், கண்ணையனும் கெங்கம்மாளும் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பரசுராமன் கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான். மேளம் உரத்து முழங்கியதும், தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டான். கையிலிருந்த இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மாலையும் கழுத்துமாக அனுராதா படியிறங்கி வந்தாள். கூடவே மாப்பிள்ளை வளவன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கொண்டுவந்த அட்சதையை அப்பாவின் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, காலில் விழுந்தாள். வளவனும் விழுந்தான்.

பரசுராமன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். "பெரியப்பாகிட்ட வாங்கிக்க கண்ணு. என் கை வேணாம்."

"போடு நைனா."

மேலேயிருந்து கண்ணையன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. அவனுடைய கை பாதிவரை உயர்ந்து, அங்கேயே நின்றது. அட்சதை விரலிடுக்கு வழியே ஒவ்வொன்றாக அவள் தலைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது.