சுமை ஏற்றிக் காட்டு

மாடு வாங்கும்போது ஆதிநாராயணனை ஏமாற்றியவர் நகரி வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் லாரி வாங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை. எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மதராசுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவான அறுபதாம் வருஷம் அது. வெல்லத்தை மண்டிக்கு ஏற்றிப்போகப் பழைய லாரி ஒன்று பார்க்கலாம் என்று, மனைவியின் தம்பி சம்பத்தைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனார்.

லாரிக்குச் சொந்தக்காரர் வரதராஜன் திருத்தணிப் பக்கத்து ஆள். "எங்க ஊரு மதராசுக்குப் போயிட்ச்சி, பர்மிட்டு இங்க கீது. இல்லன்னா இத்த விக்க மனசு வருமா?" என்றார்.

ஆதிநாராயணன் லாரியை மூன்று முறை சுற்றி வந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே தெரிந்ததற்கெல்லாம் தலையாட்டினார். பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார்.

"சாணி எப்பிடி கீது மாமா?" என்றான் சம்பத்.

"சும்மா இருடா. வயித்துக் கோளாறு பின்னாலதான் தெரியும்."

டிரைவர் சிட்டிபாபு ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டான். சரிவில் நின்ற லாரி நாலடி உருண்டு, அழகாகக் கிளம்பியது. வரதராஜன், தன் மகளைப் பெண்பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல இருவரையும் பார்த்தார்.

"வெறுமன ஓடறதுல இன்னா கீது? சுமை ஏத்திக் காட்டு" என்றார் ஆதிநாராயணன்.

வரதராஜனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் திருப்பதிக்குப் போகவேண்டிய கடலைக்காய் மூட்டைகள் கண்ணெதிரே கிடந்தன. மறுக்க வழியில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நால்வரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பூதலப்பட்டில் ஒரு கிணற்றருகே லாரி நின்றது. டிரைவர் இறங்குவதற்குள் ஒரு அம்மாள் இரண்டு குடத்தோடு வந்து, "நீள்ளு தெச்சானு, சிட்டிபாபு" என்று தண்ணீர் கொண்டுவந்ததைத் தெலுங்கில் சொன்னாள். இரண்டு குடமும் ரேடியேட்டருக்குள் போனது.

"வெயிலுக்கு எந்த வண்டியும் தண்ணி குடிக்கும்" என்றார் வரதராஜன்.

எட்டு மைல் தள்ளி ஒரு பெட்டிக்கடைக்காரர் இவர்களைக் கண்டதுமே தவலையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார். அதற்கடுத்த ஊரில் வாளியே வைத்திருந்தது.

"மாமா, வழி நெடுக சொந்தக்காரங்க கீறாங்க இதுக்கு" என்றான் சம்பத்.

சந்திரகிரியில் டீக்கடையைத் தாண்டி ஒரு பர்லாங் போய், இறக்கத்தில் நிறுத்தினான் சிட்டிபாபு.

"இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?" என்று, கடைக்கு நடந்து திரும்பி டீயைக் கையில் வாங்கியதும் கேட்டார் ஆதிநாராயணன்.

"பேட்டரி செத்துட்ச்சி மொதலாளி. உருட்டித்தான் எடுக்கணும்."

"எப்பலேர்ந்து?"

"உகாதிலேர்ந்து."

வரதராஜன் வேறு பக்கம் பார்த்து இருமினார்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று சிட்டிபாபுவைக் கேட்டார் ஆதிநாராயணன்.

"எவுரூ அடகலேது, யாரும் கேக்கல. நீங்க வண்டியத்தான மோந்து பாத்தீங்க, என்னிய ஒண்ணும் கேக்கலியே."

சம்பத் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. ஆதிநாராயணனுக்கு முதலில் ரோஷம் வந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து திருப்பதி வரைக்கும் கேள்வியாகக் கேட்டார். மூன்றாவது கியர் வழுக்கும், மழையில் கூரை ஒழுகும் என்றான் சிட்டிபாபு. இஞ்சினைப் போன வருஷம்தான் பிரித்து வேலை பார்த்தது, அச்சு இரும்புத்தூண், முழுச்சுமையோடு மேட்டில் ஒருநாளும் நின்றதில்லை என்றும் சொன்னான். கெட்டதை மறைக்காதவன் சொன்ன நல்லதை நம்பலாம் என்று ஆதிநாராயணனுக்குப் பட்டது.

மூட்டைகளை இறக்கியதும் சம்பத் அவரை ஓரமாக இழுத்தான். "வேணாம் மாமா. பஸ்ஸு புடிச்சி ஊட்டுக்குப் போலாம்."

"இதோட சீக்கு அத்தினியும் தெரிஞ்சிட்ச்சி. வேற லாரின்னா தெரியாத சீக்கு" என்ற ஆதிநாராயணன், வரதராஜனிடம் திரும்பினார். ரேடியேட்டரை அடைத்து, கியரைச் சரிபண்ணி, புது பேட்டரி போட்டால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "சிட்டிபாபு எங்கிட்ட வரணும். அவன் இல்லன்னா வண்டி வேணாம்."

"எல்லை மட்டும் பிரிக்காம இருந்தா..." என்று ஆரம்பித்தார் வரதராஜன்.

"ரேடியேட்டர் ஒழுகறது கூடவா எல்லையால?" என்றான் சம்பத். வரதராஜன் ஒப்புக்கொண்டு வண்டியைப் பட்டறைக்கு விடச் சொன்னார்.

பட்டறையில் எட்டு நாள் ஆயிற்று. அடுத்த வாரம் வெல்லத்தை ஏற்றிக்கொண்டு லாரி சித்தூர் மண்டிக்குப் போனது. வழியில் ஒரே ஒரு பஞ்சர். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது, ஆச்சரியமாக, சம்பத் கேலி எதுவும் செய்யாமல் தானே இறங்கிக் கைகொடுத்தான்.