பளபளக்காத ஒன்பது பெண்கள்

1
இந்தக் கதை ஒரு திருஷ்டி பொம்மையிலிருந்து வந்தது. ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன், கை பரபரக்கிறது.

முதல் வரி, முயற்சி ஒன்று: 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் ஓவியர்கள் பழைய கிரேக்கத்தைப் பெரிய சுவர்களில் மீண்டும்...'

(வேண்டாம், வகுப்புக் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும்: அவர்களில் சிலர் வண்ணத்தைச் சுண்ணாம்புபோல வெளிறவிட்டார்கள். சுவர் சுவராகவே தெரிய வேண்டுமாம்.)

2
உத்திரமேரூர் மாலை ஓவிய வகுப்பில் பூஜா என் பக்கத்தில் உட்காருபவள். அந்தப் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை அவளுக்கு. தாண்டவராயன் கட்டிய புதுக் கல்யாண மண்டபத்தில் மேடையின் பின்சுவர் அவளுக்குக் கிடைத்தது. அவளுடைய முதல் சுவர். கிரேக்கக் கலைதேவியர் ஒன்பது பேரைப் பழையசீவரத்துப் பாலாற்று மணலில் நிறுத்தினாள். சாம்பல் பச்சை, வெளிர் நீலம், துளி மினுக்கம் இல்லை. அவர்கள் கண்களில்... (எழுத முடியவில்லை. நேரில் பாருங்கள்.)

3
மறுநாள் போனால், ஓவியத்தின் நடுவே, கட்டி முடியாத வீட்டில் தொங்கவிடும் பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கியது.

"பிரைமர் சூப்பரா கீதும்மா. கலர் எப்போ?" என்றார் தாண்டவராயன், வெறும் அடிப்பூச்சு என்று நினைத்து.

"இதான் சார் கலர்."

"வெளையாடாத. வெள்ளிக்கிழம மொதக் கல்யாணம். பொண்ணு மாப்ள பின்னாடி ஒம்போது பேய் நின்னுக்கினு கீது."

"தேவதைங்க சார்."

"ஒருத்தி காதுல கம்மல் கூட இல்லியே! பளபளன்னு இனாமல் பெயிண்ட்டு வாங்கி வச்சிக்கீறேன். நீ அடிக்கிறியா, ஆள் வெச்சி அடிக்கட்டா?"

(இங்கே அவரை வில்லனாக்கினேன். பிறகு அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கண் படக் கூடாது என்றுதானே மனிதர் பொம்மை கட்டினார்?)

பூஜாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு படும்னுதான சார் கட்னீங்க? நல்லால்லாத செவுத்துல யாரு கண்ணு படும்?"

அவர் இனாமல் டப்பாவை அருகே இழுத்தார். அப்போது அவர் மனைவி கனகா, கோயிலுக்குப் போய்விட்டு அரக்குப் பட்டில் உள்ளே வந்தார்.

"அக்கா, மேடையில ஒரு நிமிசம் நில்லுங்களேன்!" என்றாள் பூஜா.

"இன்னாடி, நானும் பொம்மையா?" சிரித்துக்கொண்டே ஏறினார். பூஜா பொம்மையை ஓரமாகத் தள்ளிப் பிடித்தாள்.

4
முடிவு அ: இனாமல். முடிவு ஆ: ஒன்பது பேருக்கும் கம்மல் மட்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் பயம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: வெளிறிய ஆற்றின் முன்னால் அரக்குப் பட்டு நிற்கிறது, வாசலில் பார்த்ததைவிடச் சிவப்பாக. தாண்டவராயன் கை டப்பா மூடிமேல். மேடை விளக்கு இன்னும் எரியவில்லை. வாசகரே, ஸ்விட்ச் உங்கள் பக்கச் சுவரில் இருக்கிறது. போடுங்கள்.